நஃபீஸா கொண்டுவந்த சட்டம்

புற்றுநோய் ஆராய்ச்சியை விட்டுவிட்டு நஃபீஸா பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிர்வாகப் பிரிவுக்குப் போனபோது, "படிச்ச படிப்பென்ன, போய்க் கிளாக்கர் வேல பாக்குறாளே" என்று அவள் ஊரான மாம்புரியே வாயடித்தது. அடிக்கட்டும். அவள் பேராசிரியர் ஃபைஸலைப் பழிவாங்கப் போனாள்.

வெற்றிலை போடும் பெண்களின் வாய்ப்புற்றுநோய் பற்றிய ஆய்வு அவருடையது. வீடு வீடாகப் போய்ப் பெண்களைச் சம்மதிக்க வைத்தவள் இவள். ஆய்வுகூடத்து மாதிரிகளில் இலக்கம் மட்டும்தான், பெயர்கள் அவரிடம். நாலு மாதிரிகளில் நோய் தொடங்கியிருப்பதைக் கண்டு ஓடிப்போய்ச் சொன்னாள்.

"கட்டுரை வெளிவரட்டும். அதுவரைக்கும் மூச்சு விடப்படாது" என்றார் மனுஷன்.

பெயரைக் கேட்டுக் கெஞ்சினாள். மசியவில்லை. எல்லாரையுமே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிப் பார்த்தாள்; புண்ணில்லாத வாயைக் காட்ட யார் போவார்கள்? கட்டுரை வந்தது, அவருக்குப் பதவி உயர்வும் வந்தது. நாலு பெண்களும் நோய் முற்றி மவுத்தானார்கள். அதில் ஒருத்தி சித்தி லெய்லா, நஃபீஸாவின் சொந்தச் சாச்சி, உம்மாவின் தங்கை.

வயிறு எரிய எரிய வேலை பார்த்து, அந்தப் பிரிவுக்கே தலைவியானாள். முதல் வேலையாக ஒரு சட்டம் கொண்டுவந்தாள். ஆய்வில் நோய் தெரிந்தால், ஆய்வாளரே அந்த வீட்டுக்குப் போய்த் தன் வாயால் சொல்ல வேண்டும். பழைய ஆய்வானாலும் சரி, ஆள் மவுத்தானாலும் சரி. சொல்லாதவருக்குப் புதிய ஆய்வு கிடையாது. கூட்டத்தில் எல்லாரும் கை உயர்த்தினார்கள். ஃபைஸலும்தான் உயர்த்தினார், பாவம், நல்ல விஷயம்தானே என்று.

போன மாசம் வெளிநாட்டு உதவியோடு பெரிய ஆய்வொன்றுக்கு அனுமதி கேட்டு அவள் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"மாம்புரிக்குப் போவம், சேர்" என்றாள் நஃபீஸா.

சித்தி லெய்லாவின் கணவர் மீராசாஹிப் முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். உட்காரக் கதிரை போட்டார். ஃபைஸல் நஃபீஸாவின் பக்கம் திரும்பினார்.

"நீங்க செல்லுங்களேன், நஃபீஸா."

"ஓங்கட வாயால செல்லுங்க, சேர்."

சொன்னார். மீராசாஹிப் வலையைக் கீழே வைத்தார்.

"தெரிஞ்சிம் எவ்வளவு காலம் வெச்சிட்டிருந்தீங்க?"

"ஒரு வருஷம்."

"அந்த வருஷம் முழுக்க, பல்லு நோவெண்டு கராம்பு வெச்சிட்டிருந்தா அவ. நான்தான் கடையில வாங்கிக் குடுத்த."

அவர் மறுபடி வலையைக் கையில் எடுத்தார். தேத்தண்ணி குடிக்கிறீங்களா என்றுகூடக் கேட்கவில்லை. வந்தவனுக்கு அந்த வீட்டில் தேத்தண்ணி கிடைக்காமல் போனது அன்றைக்குத்தான்.

ஃபைஸல் வெளியே வந்து வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். நஃபீஸா அதை ஆசைதீரப் பார்த்தாள்.

"இனி அனுமதிக்குக் கையெழுத்து வெப்பீங்கதானே?" என்றார் ஃபைஸல்.

அவள் வாகனத்தின் கதவைத் திறந்து பிடித்தாள்.

"இன்னும் மூணு வீடு ஈக்கி, சேர். ஏறுங்க."