எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் கூப்பிட்டேன்

பிரியமான சகோதர சகோதரிகளே, போன தை மாதம் காணை கிராமத்துப் பக்கம் கரும்பு வெட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரை நல்லபாம்பு கடித்தது. விழுப்புரம் ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்குள் இமை தொங்கிவிட்டது. பேச்சு போனது. பிறகு மூச்சும் இழுக்க முடியவில்லை. வாயில் குழாய் விட்டு, விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். "மருந்து போயிருக்கும்மா, இனிமேதான் பார்க்கணும்" என்றார் டாக்டர். 

விசுவாசியாக இருப்பவள் அப்போதே ஜெபித்திருக்க வேண்டும். என்னால் முடியவில்லை.

நான் திண்டிவனத்துப் பெண். கைக்குழந்தையிலேயே பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் ஞானஸ்நானம் பெற்றவள். வாழ்க்கைப்பட்ட வீடோ, இயேசுவின் நாமத்தில் மட்டும் ஞானஸ்நானம் கொடுக்கும் சபையைச் சேர்ந்தது. தேவன் ஒருவரே, அவர் பெயர் இயேசு என்பார்கள். மூவரும் ஒரே தேவன் என்னும் திரித்துவத்தைச் சொன்னாலே முகம் சுளிப்பார்கள். பெண் பார்க்க வந்தபோது இரண்டு வீட்டாரும் எல்லாம் ஒரே ஆண்டவர்தானே என்று சிரித்துப் பேசினார்கள். கல்யாணம் முடிந்த கையோடு என் மாமியார், "ஏரியில தண்ணி இருக்கறப்பவே இயேசு நாமத்துல முழுகி ஞானஸ்நானம் எடுத்துடும்மா" என்று ஆரம்பித்துவிட்டார். முழுகினால் அப்பா மனம் உடைந்துபோவார். முழுகாவிட்டால் என் ஜெபம் மேலே ஏறாது என்பார் அத்தை. எது சரி என்று எனக்கும் தெரியவில்லை. அதனால் வீட்டு ஜெபத்தில் ஆமென் மட்டும் சொல்லிக்கொண்டு காலம் தள்ளினேன்.

சேதி கேட்டு ஓடிவந்த அப்பா, கட்டிலருகே நின்று "பிதாவே, குமாரனே, பரிசுத்த ஆவியே" என்று தொடங்கினார்.

அத்தை குறுக்கே வந்தார். "சம்பந்தி, மூணு பேரைக் கூப்புடாதீங்க. என் புள்ள உயிரு ஊசலாடிக்கினு கெடக்குது. இயேசுவேன்னு சொல்லுங்க, போதும்."

"மூணு தேவன்னு நான் எங்கம்மா சொன்னேன்? ஒரே தேவன்தான். நீங்க சொல்ற மாதிரின்னா இயேசு யார்கிட்ட ஜெபம் பண்ணாரு, தனக்குத்தானேவா?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. நல்லவேளை, நர்ஸ் வந்து இருவரையும் வெளியே அனுப்பினார்.

என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு நான் மட்டும் நின்றேன். பிதாவே என்றால் அத்தை சொன்னது குறுக்கே வந்தது. இயேசுவே என்று மட்டும் சொன்னால் அப்பாவை விட்டுவிட்டது போல இருந்தது. கடைசியில் அழுகைதான் வந்தது. "ஆண்டவரே, நீங்க ஒருத்தரா, மூணு பேரா, எனக்குத் தெரியல. எனக்கு இவரு வேணும். எப்படிக் கூப்புடணும்னு அப்புறமா சொல்லிக்குடுங்க. இப்ப வாங்க" என்றேன். அவ்வளவுதான் என் ஜெபம்.

மறுநாள் காலையில் அவர் விரல் அசைந்தது. சாயங்காலம் இமை திறந்தது. குழாயை எடுத்த பிறகு, அப்பாவையும் அத்தையையும் பார்த்து அவர் கரகரத்த குரலில் பேசினார்.

"நீங்க சண்டை போட்டது அத்தனையும் காதுல விழுந்துச்சு. கண்ணைத் தொறக்க முடியல, வாயைத் தொறக்க முடியல. எப்படியாச்சும் ஜல்தியா கூப்புட்டுத் தொலைங்களேன்னு உள்ளுக்குள்ள கத்திக்கினு கெடந்தேன்."

இருவரும் தலைகுனிந்து நின்றார்கள். அத்தை அழுதுவிட்டார்.

டாக்டரையும் மருந்தையும் கொடுத்தவர் ஆண்டவரே. அவருக்கு ஸ்தோத்திரம். இப்போது இரண்டு சபையும் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிடுகின்றன. எந்த நாமத்தில் சுகம் கிடைத்தது என்று இரண்டு இடத்திலும் கேட்கிறார்கள். தெரியவில்லை என்றால் அந்தந்தச் சபைப் பாஸ்டர் முகம் சுருங்குகிறது. நான் என்ன செய்ய? யோர்தான் ஆற்றில் இயேசு ஞானஸ்நானம் பெற்று நிற்க, வானத்திலிருந்து பிதாவின் குரல் கேட்டதைப் படித்தால் அப்பா சொல்வது சரியாகப் படுகிறது. தம்மைப் பார்த்தவன் பிதாவைப் பார்த்தான் என்று இயேசு சொன்னதைப் படித்தால் அத்தை சொல்வதும் சரியாகப் படுகிறது. குழப்பம் இன்னும் தீரவில்லை. ஆனால் இப்போது வீட்டு ஜெபத்தில் நானும் வாய்விட்டு ஜெபிக்கிறேன். அத்தை குறுக்கிடுவதில்லை.

என்னைப் போலக் குழம்பி நிற்கிறவர்களே, எல்லாம் விளங்கட்டும், பிறகு ஜெபிக்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். விளங்கும்வரை நான் காத்திருந்திருந்தால், என் வீட்டுக்காரருக்கு மூச்சு இருந்திருக்காது.