பாசுவின் மூன்று ஷூக்களைக் கொன்றது யார்?

எங்கள் மலையூரான இஃப்ரானில் ஓட்டக்காரர்களுக்கென்றே ஷூ விற்கும் கடை என்னுடையது. பேர் மட்டும் என்னிடம் வேலை பார்க்கும் இத்தோவுடையது. "இத்தோ கடை" என்றால்தான் டாக்சிக்காரனுக்கே தெரியும். அந்த இருபத்தாறு வயதுக்காரி பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடியதில்லை. ஆனால் வருகிறவரின் பழைய ஷூவைத் திருப்பிப் பார்க்காமல் புதுப் பெட்டியைத் திறக்க மாட்டாள்.

போன வசந்தத்தில் ஓட்டக்காரர் பாசு நொண்டிக்கொண்டு வந்தார். முப்பத்து மூன்று வயது. மூன்று வாரத்தில் தேசிய அணிக்கான தேர்வு ஓட்டம். முதல் ஆறு பேருக்குத்தான் இடம். அவருக்கு அதுதான் கடைசி வாய்ப்பு.

"இருக்கிறதிலேயே விலை கூடினத எடு, தங்கச்சி. நாலு மாசத்துல மூணு ஜோடி மாத்திட்டேன். எல்லாமே குதிகாலைக் கடிக்குது."

எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. இத்தோவோ அவர் பழைய ஷூவின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, புதுசில் லேஸை வேண்டுமென்றே முடிச்சுப் போட்டு அவர் முன்னால் வைத்தாள். பாசு முடிச்சை அவிழ்க்கவில்லை. பின்பக்கத்தை மிதித்தே காலை நுழைத்தார்.

"அப்படியே நில்லுங்கண்ணே! மூணையும் கொன்ன ஆளு சிக்கிட்டாரு."

"யாரு?"

"நீங்கதான். அஞ்சு வேளை தொழுகை, அதுக்கு மேல டீ குடிக்கப் போற வீட்டு வாசலெல்லாம் கழட்டி மாட்டுறீங்க. நம்ம ஊர் தோல் செருப்போட பின்பக்கத்த மடிச்சு மிதிக்கிற மாதிரியே இதையும் மிதிக்கிறீங்க. பின்பக்கம் நொறுங்கி உள்ள குத்துது."

பாசுவுக்கு முகம் சிவந்தது. "நீ ஒரு கிலோமீட்டர் ஓடியிருக்கியா?"

"இல்ல. ஓடினவங்க ஷூவ ஆயிரம் பார்த்திருக்கேன்."

கடைசியில் நடுத்தர விலையில் ஒன்றைக் கொடுத்தாள். எதிர்க்கடையில் ஒரு மஞ்சள் தோல் செருப்பும் வாங்கச் சொன்னாள். "தொழுகைக்கு அது, ஓட்டத்துக்கு இது. லேஸ் அவிழ்க்கச் சோம்பல்னா ஓடாதீங்க." என் பிழைப்பில் மண்ணைப் போட்டாளே என்று அன்று முழுக்க அவளோடு பேசவில்லை.

தேர்வு ஓட்டம் முடிந்த மறுநாள் பாசு வந்தார். வாசற்படியில் உட்கார்ந்து இரண்டு லேஸையும் பொறுமையாக அவிழ்த்தார். ஷூக்களைக் கழற்றி இத்தோவின் கையில் கொடுத்தார்.

அவள் பின்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள்.

"நல்லா நிக்குது. இப்பச் சொல்லுங்க, எத்தனாவது?"

பாசு ஒரு கையை விரித்து, மறு கையில் ஒரு விரலை நீட்டினார். பிறகு அழுதார்.