பெட்டிக்குள் புளிய இலை

என் அண்ணனுக்கும் எனக்கும் ஒரே மாதிரி வண்டி. ஒரே ஜெர்மன் கம்பெனி, ஒரே டீசல் இன்ஜின். நிறம் மட்டும்தான் வேறு. அவனுடையது வெள்ளை, என்னுடையது சாம்பல். யார் யாரோ ஓட்டித் தேய்த்து, அலுத்துப்போய்த் தள்ளிவிட்ட பிறகுதான் அவை எங்களிடம் வந்தன. புது வண்டி வாங்க வசதியில்லாமல் இப்படி வாங்கினோம் என்று ஊர் நினைத்தது. வசதி இருந்திருந்தாலும் இவற்றைத்தான் வாங்கியிருப்போம். அது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும்.

நான் ஜமுனாமரத்தூர் பக்கத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை. மலைமேலேயே குவார்ட்டர்ஸ். அண்ணன் அடிவாரத்தில், போளூரிலிருந்து மலைக்கு ஏறுகிற சாலையோரம் அப்பா கட்டிய வீட்டில் இருக்கிறான். கொஞ்சம் நிலம், மிச்ச நேரத்தில் போர்வெல் மோட்டார் ரிப்பேர். வாரக் கடைசியில் நான் இறங்கிப் போவேன். அண்ணி சமைத்துக்கொண்டிருப்பார். நாங்கள் இரண்டு பேரும் ஏதாவது ஒரு வண்டியின் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்போம்.

பழைய ஜெர்மன் வண்டி வைத்திருந்தால் ஊருக்கே ஓர் அபிப்பிராயம் இருக்கும். அதைப் பெண் ஓட்டினால் இரண்டு அபிப்பிராயம். ஸ்பேர் கிடைக்காது என்பார்கள், மலையில் நின்றால் யானையைக் கட்டித்தான் இழுக்கவேண்டும் என்பார்கள், டீச்சரம்மாவுக்கு ஸ்கூட்டர் போதாதா என்பார்கள். அப்போதெல்லாம் என் பக்கம் நின்றவன் அண்ணன் ஒருவன்தான். டீக்கடையில் நாலு பேர் முன்னால் சொல்வான்: "எங்க பாப்பா கைய வெச்சா வண்டி பேசும். உங்க வண்டிங்கள இட்டுக்கினு வந்து காட்டுங்க, தெரியும்." வீட்டில் இன்றைக்கும் நான் பாப்பாதான். எனக்குத் தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது.

இந்த மாதிரி வண்டிகளில் இன்ஜினுக்கு எப்போது, எவ்வளவு டீசல் போகவேண்டும் என்பதை ஒரு கம்ப்யூட்டர் தீர்மானிக்கும். மெக்கானிக்குகள் ஈசிஎம் என்பார்கள். நாங்கள் பெட்டி என்போம். ஒரு கேபிளும் பழைய லேப்டாப்பும் இருந்தால் பெட்டிக்குள் இருக்கிற ஃபைலை வெளியே எடுத்துப் படிக்கலாம், மாற்றி எழுதலாம். நான் கணக்குப் போட்டு மாற்றுவேன், அண்ணன் ஓட்டிப் பார்த்து, "மூணாவது கியர்ல மூச்சு முட்டுது பாப்பா" என்பான். திரும்ப மாற்றுவேன். எங்கள் வீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசியதாக எனக்கு ஞாபகமில்லை. இதுதான் எங்கள் பேச்சு.

எங்களுக்கென்று ஒரு முறை இருந்தது. ஒரு வண்டியில் கோளாறு வந்தால், சந்தேகப்படுகிற பாகத்தைக் கழற்றி அடுத்த வண்டியில் போட்டுப் பார்ப்போம். கோளாறும் கூடவே போனால் பாகம் கெட்டிருக்கிறது. போகவில்லையென்றால் வேறு எங்கோ இருக்கிறது. ஒரே மாதிரி வண்டி வாங்கியதே இதற்காகத்தான். பெட்டியை மட்டும் அப்படி மாற்ற முடியவில்லை. சாவிக்குள் ஒரு சின்ன சில்லு இருக்கிறது. பெட்டிக்கு அந்தச் சாவி அடையாளம் தெரிந்தால்தான் இன்ஜின் ஓடும். தெரியாத சாவி என்றால் உறுமிக் கிளம்பி, அடுத்த நொடியே நின்றுவிடும். திருட்டைத் தடுக்க ஜெர்மன்காரன் போட்ட பூட்டு. அந்தப் பூட்டை இரண்டு வண்டியிலும் எடுத்துவிட்டோம். ஒரே ஃபைலை இரண்டு பெட்டியிலும் எழுதினோம். அதற்குப் பிறகு எந்தப் பெட்டி எந்த வண்டியில் இருந்தாலும் ஓடும், லேப்டாப்பில் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. அண்ணன் தங்கைக்குள் என்ன பூட்டு என்று அன்றைக்குச் சிரித்தோம்.

எங்களுக்குள் சண்டை வந்தது ஒரே ஒரு விஷயத்தில்தான். வண்டியை அவன் புளியமரத்தடியில் நிறுத்துவான். எங்கள் பக்கம் புளியமரத்தடியில் மனிதர்கள் படுக்கமாட்டார்கள், உடம்புக்கு ஆகாது என்பார்கள். வண்டி, டிராக்டர், நெல் அறுக்கிற மெஷின் என்று மற்ற எல்லாவற்றையும் அங்கேதான் நிறுத்துவார்கள். நல்ல நிழல், நானும் மறுக்கவில்லை. ஆனால் இந்த வண்டியில் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கிற இடத்தில் ஒரு தொட்டி மாதிரி பள்ளம் உண்டு. மழைத்தண்ணீர் அதில் இறங்கி இரண்டு ஓட்டைகள் வழியாகக் கீழே போய்விடும். பெட்டி உட்கார்ந்திருப்பதும் அந்தத் தொட்டியில்தான். ஜெர்மனியில் பெரிய பெரிய இலையாக உதிருமோ என்னவோ, புளிய இலையை அவர்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. சலித்த தவிடு மாதிரி இறங்கி, ஓட்டையில் போய்ப் படிந்து, களிமண்ணாக அடைத்துக்கொள்ளும்.

"அண்ணா, ஒரு மழைக்கு ரொம்பிடும். பெட்டி முழுகிடும்" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

"ஆமா, நீதான் கண்ட. அதெல்லாம் ஒண்ணும் ஆவாது" என்பான்.

அந்த ஐப்பசியில் எனக்கு வேலூரில் ஆசிரியர் பயிற்சி போட்டார்கள். என் வண்டியை அண்ணன் வீட்டுத் தகரக் கொட்டகைக்குள் விட்டுவிட்டு பஸ்ஸில் போனேன். போன நாளிலிருந்து மழை. பயிற்சியில் பாடம் நடத்தியவரைவிட ஜன்னலுக்கு வெளியே கொட்டியதைத்தான் அதிகம் கவனித்தேன். திரும்பி வந்தபோது மரத்தடி காலியாக இருந்தது. கண்ணமங்கலத்து ஆள் ஒருவர் வெள்ளை வண்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டதாக அண்ணன் சொன்னான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று கேட்டதற்கு, பெண்ணுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டவேண்டும் என்றான். கொட்டகையிலிருந்து என் வண்டியை எடுத்தேன்.

அன்றைக்கே மலையேறினேன். அத்திமூர் தாண்டி, வளைவுகள் இறுகுகிற இடத்தில், இன்ஜின் சூடு பிடித்ததும் வண்டி செத்துவிட்டது. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரன் அடித்தார், இறங்கி வந்து திட்டினார், பிறகு அவரே ஆட்களை இறக்கி வண்டியை ஓரம் தள்ளிக் கொடுத்தார். ஆறியதும் கிளம்பியது. இரண்டு வளைவு போய் மறுபடியும் நின்றது.

போன் போட்டதும் அண்ணன் பைக்கில் வந்தான். வந்த வேகத்தைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. "நீ ஒக்காரு பாப்பா, நான் பாக்கறேன்" என்று பானெட்டைத் திறந்து அவனே குனிந்து பார்த்தான். லேப்டாப்பை மட்டும் என் மடியில் வைத்தான். திரையில் கண்டபடி எழுத்துகள் ஓடின. கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தான்.

"போன மாசம் நீ ஒரு ஃபைல் போட்டியே, வளைவுல மெதுவா இழுக்கணும்னு. அதுல பெட்டி சுட்டுப்போச்சி போல கீது."

"அது சும்மா சின்ன மாத்தம்ணா. அதுல எப்டி சுடும்?"

"எனக்கின்னா தெரியும். கணக்கு போட்டவ நீ."

நம்பினேன். கண்ணை மூடிக்கொண்டு நம்பினேன். அந்த ஃபைலை எத்தனை தடவை திறந்து பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. தப்பு எதுவும் கண்ணில் படவில்லை. படவில்லையென்றால் தப்பு இல்லை என்று எடுத்துக்கொள்ளவில்லை, எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை என்றுதான் எடுத்துக்கொண்டேன். ஊரில் அண்ணன் வருத்தத்தோடு சொல்லிவைத்திருந்தான்: "பாப்பா கைய வெச்சிடுச்சி, அதான்." அதே டீக்கடை, அதே நாலு பேர். ஒருவர் என்னிடமே, "இன்னா டீச்சர், பாடம் எடுக்கறதோட நிறுத்திக்கக் கூடாதா?" என்றார். சிரித்துவைத்தேன்.

வண்டியை ஆறவைத்து ஆறவைத்து மேலே கொண்டுவந்து, குவார்ட்டர்ஸ் பக்கத்தில் என் தகரச் சாய்ப்புக்குக் கீழே நிறுத்தி உறை போட்டேன். கேபிளைச் சுருட்டி அலமாரி மேல்தட்டில் போட்டேன். பஸ்ஸில் போய்வர ஆரம்பித்தேன். வகுப்பில் மின்சுற்று பாடம் வரும்போது பல்பு எரியாவிட்டால் நான் தொடமாட்டேன், பிள்ளைகளையே சரிபார்க்கச் சொல்லிவிடுவேன். கை ராசி என்பதையெல்லாம் நான் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் என் கையைப் பார்த்தால் எனக்கே பிடிக்கவில்லை.

பங்குனியில் வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். கொடுப்பதற்கு முன்னால் பெட்டியை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ள ஆசை. செத்தவர் கடிகாரத்தை வைத்துக்கொள்வது போல ஓர் ஆசை. வைப்பர் மூடியைக் கழற்றினேன். தொட்டி சுத்தமாக இருந்தது. நான் எப்போதும் துடைத்து வைத்திருப்பது போலவே தூசியைத் தவிர ஒன்றுமில்லை, தண்ணீர் நின்ற தடம்கூட இல்லை. பெரிய பிளக்கை நெம்பி எடுத்தேன்.

ஊசிகளுக்கு நடுவே அரிசி நீளத்தில் காய்ந்துபோன புளிய இலைகள் ஒட்டியிருந்தன.

முதலில் புரியவில்லை. என் குவார்ட்டர்ஸ் வாசலில் இருப்பது பலா. அண்ணன் வீட்டில் என் வண்டி நின்றது கொட்டகைக்குள். சரி, காற்றில் பறந்து வந்தது என்றே வைத்துக்கொள்வோம். வெளியே தொட்டியில் ஒரு இலைகூட இல்லாமல், இறுக்கி மூடிய பிளக்குக்குள் மட்டும் எப்படிப் போகும்? திருகுகளைக் கழற்றிப் பெட்டியின் மூடியைத் திறந்தேன். உள்ளே பாதி உயரத்துக்குத் தண்ணீர் நின்ற கோடு. செம்புப் பாதைகளில் பச்சை பூத்திருந்தது. தண்ணீரே தேங்காத வண்டியில், முழுகிப்போன பெட்டி.

வெள்ளை வண்டியின் பெட்டி. அதை என் வண்டியில் வைத்துவிட்டு, என் பெட்டியோடு தன் வண்டியை விற்றிருக்கிறான்.

பெட்டி போனது எனக்குப் பெரிதில்லை. மலைவளைவில் குனிந்து என் வண்டிக்குள் பார்த்தானே, அப்போது அவன் பார்த்தது தன்னுடைய பெட்டியை. அதைப் பார்த்துக்கொண்டேதான் என் கணக்கைக் குறை சொன்னான். நான் என் கையை நம்பாமல் போனதைப் பக்கத்திலிருந்து பார்த்தான். பார்த்துக்கொண்டு சும்மா இருந்தான்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் இறங்கினேன். அண்ணன் புளியமரத்தடியில் உட்கார்ந்து ஒரு மோட்டாருக்குச் சுருள் கட்டிக்கொண்டிருந்தான். கைக்குட்டையை அவிழ்த்து இலைகளை அவன் உள்ளங்கையில் கொட்டினேன்.

"இன்னா பாப்பா இது?"

"உம் மரத்து இலைதான். என் பெட்டிக்குள்ள இருந்துச்சி."

மறுக்கவில்லை. அந்த அளவுக்காவது நேர்மையாக இருந்தான். அண்ணி தண்ணீர்ச் சொம்போடு வாசல்வரை வந்து, எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"கண்ணமங்கலத்து ஆளு வண்டிய ஓட்டிப் பாக்க வர்றேன்னு சொல்லிட்டான்" என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு. "அதுக்குள்ள இந்த மழை. காயவெச்சேன், ஓடிச்சி, சூடானா நின்னுடுது. நான் இன்னா பண்ணட்டும்?"

"என்னாண்ட கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா குடுத்திருப்பியா?"

"குடுத்திருப்பேன்."

பொய்யில்லை. கேட்டிருந்தால் நானே கழற்றி மாட்டிக்கொடுத்திருப்பேன். அது அவனுக்கும் தெரியும். கேட்டால், மரத்தடியில் நிறுத்தாதே என்று நான் சொன்னதை ஒத்துக்கொள்ளவேண்டி வரும். அது அவனால் முடியவில்லை.

"எடுத்தது கூடப் போவட்டும்ணா. பழிய ஏன் எம் மேல போட்ட?"

சுருள்கம்பியை விரலில் சுற்றி, அவிழ்த்து, மறுபடியும் சுற்றினான். பிறகு சொன்னான்: "வேற யாரு தலையில கட்டியிருந்தாலும் குப்பையில போட்டிருப்பாங்க. நீ எப்டியும் சரி பண்ணிக்குவன்னு தெரியும் பாப்பா. எனக்குத்தான் அது வராது."

அவன் வாயிலிருந்து இதைக் கேட்கத்தான் எத்தனை வருஷமாக ஏங்கியிருந்தேன். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பி வந்து பஸ்ஸுக்கு நின்றேன்.

கோடை விடுமுறையில் அந்தப் பெட்டியைச் சரி செய்தேன். ஸ்பிரிட் ஊற்றி, பல்தேய்க்கும் பிரஷ்ஷால் பச்சையைத் துடைத்து, அரித்துப்போன ஒரு பாதைக்குப் பதிலாகத் தலைமயிர் கனத்தில் ஒரு கம்பி பற்றவைத்தேன். முதல் நாள் ஒவ்வொரு இணைப்பையும் மூன்று தடவை சரிபார்த்தேன், பிறகு ஒரு தடவையே போதும் என்றாகிவிட்டது. வண்டி வாங்கிய புதிதில் படித்துவைத்திருந்த பழைய ஃபைலை, பூட்டோடு சேர்த்து அதில் எழுதினேன். என் கையிலிருந்த சாவியை மட்டும் பெட்டிக்கு அறிமுகப்படுத்தினேன். என் வண்டியின் இன்னொரு சாவி அண்ணன் வீட்டு ஆணியில் வழக்கம் போல் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் திருப்பிக் கேட்கவில்லை. கதவைத் திறக்க அது போதும்.

ஆடியில் குலதெய்வப் பொங்கலுக்குப் போகாமல் இருக்க முடியாது. வண்டியில்தான் இறங்கினேன், ஒரு வளைவிலும் நிற்கவில்லை. சொந்தக்காரர்கள் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்கள். நான் அண்ணியோடு அடுப்படியில் இருந்தபோது, வெயிலில் நிற்கிறதே என்று அண்ணன் ஆணியிலிருந்து சாவியை எடுத்துப்போனான், மரத்தடிக்கு நகர்த்த. இன்ஜின் உறுமிக் கிளம்பியது, உடனே நின்றது. மறுபடியும் கிளம்பியது, மறுபடியும் நின்றது.

"இன்னாடா, தங்கச்சி வண்டி மறுபடியும் மக்கர் பண்ணுதா?" என்று பெரியப்பா மகன் சிரித்தான்.

அண்ணன் சாவியை உருவினான். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, சத்தம் கேட்டு வாசலுக்கு வந்த என்னை ஜன்னல் வழியாகப் பார்த்தான். அது கோளாறு இல்லை என்பது அங்கிருந்தவர்களில் என்னைத் தவிர அவனுக்கு மட்டும்தான் தெரியும்.