உலை வேறு, பந்தி ஒன்று

என் அண்ணனை முற்றத்தில் உட்கார்ந்து சாப்பிட வைத்தது நான்தான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குத் துளியும் வெட்கமில்லை. யோசனை தன்னுடையது என்று என் மனைவி சொல்வாள். கேட்டுக்கொள்ளுங்கள், நம்ப வேண்டியதில்லை.

காரைக்குடியில் எங்கள் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். ஆனால் அதில் இப்போது எரிவது இரண்டே அடுப்புகள். எங்களவர்கள் மகனுக்குக் கல்யாணம் ஆனதும் வேறு வைத்துவிடுவார்கள். வீடு ஒன்றுதான், ஆனால் அடுப்பு, அரிசி, உப்பு, புளி எல்லாம் தனி. சண்டை வந்து பிரிவதில்லை, சண்டை வரக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். அப்படித்தான் அண்ணனும் நானும் தலை நரைக்கும்வரை ஒரே கூரையின் கீழ் இரண்டு குடும்பமாக இருந்தோம்.

அண்ணன் மனைவியை நாங்கள் அண்ணமிண்டி என்போம். அவர்கள் இறந்த பிறகுதான் இந்த ஏற்பாட்டில் இருந்த ஓட்டை தெரிந்தது. அண்ணனுக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. கடையில் பொட்டலம் வாங்கி வருவார், டிவிக்கு முன்னால் பாதியைத் தின்பார், மீதியை மூடி வைப்பார். சில நாட்கள் பிஸ்கட்டோடு சரி. சர்க்கரை உள்ள உடம்பு வேறு. என் மனைவி தூக்குச்சட்டியில் குழம்பு கொடுத்தனுப்பினால், சட்டி அன்றே கழுவித் திரும்பி வரும், உள்ளே ஆப்பிளோ அல்வாவோ இருக்கும். வெறும் ஏனத்தைத் திருப்பித் தரக் கூடாதாம். இனி அனுப்பாதே என்பதைத்தான் அவர் அவ்வளவு மரியாதையாகச் சொன்னார்.

நேரிலேயே கேட்டுவிட்டேன்.

"தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறதானப்பா. வேறு வச்ச பிறகு தம்பி அடுப்புல நாளும் கை நனைச்சா நல்லாவா இருக்கும்? நானே இப்ப அரைப்புள்ளி."

எங்கள் கோவில் வரிக் கணக்கில் கணவனும் மனைவியும் சேர்ந்தால் ஒரு புள்ளி. ஒருவர் போனால் மற்றவர் அரை. அவர் அதைத் தன் வாயால் சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை.

பிறகு ஒரு நாள் கோவிலூர் போன இடத்தில் மயங்கி விழுந்தார். சென்னையில் இருக்கும் அவர் மகள் என்னிடம் போனில் முடிவையே சொல்லிவிட்டாள். "சும்மா இருக்க முடியாது சித்தப்பா. பொங்கல் கழிச்சு வந்து அப்பச்சியக் கூட்டிட்டுப் போயிருறேன். அங்க அவுக ஒழுங்காவே சாப்பிட மாட்டேங்கிறாக." எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்பச்சி என்போம். விஷயத்தைச் சொன்னதும் அண்ணன் தலையாட்டிவிட்டார். அன்று முழுக்கப் பூட்டிக் கிடந்த அறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். போக அவருக்கு மனமில்லை. அவரை அனுப்ப எனக்கும் மனமில்லை.

கோபம் வந்தால்தான் எனக்கு மூளை வேலை செய்யும். மறுநாள் மதியம் அவர் அறை வாசலில் நின்று சத்தம் போட்டேன்.

"என் அடுப்புச் சோறு உங்களுக்கு வேணாம். சரி. உங்க சோத்த எடுத்துக்கிட்டு முத்தத்துக்கு வாங்க, என் சோத்த நான் எடுத்துட்டு வாரேன். அடுப்பு வேற வேறயாவே இருக்கட்டும். பக்கத்துல உக்காரக் கூடாதுன்னு எவன் சொன்னது?"

அண்ணன் பொட்டலத்தோடு வந்து உட்கார்ந்தார்.

என் மனைவி அண்ணனிடம் நேரில் பேசிப் பழகியதில்லை, எல்லாம் என் வழியாகத்தான். அன்றும் என்னைப் பார்த்தே சொன்னாள். "உங்க அண்ணன்கிட்ட சொல்லுங்க. நடுவுல இருக்கிற ஏனத்துல கை வைக்கணும்னா, அவுகளும் எதையாவது ஆக்கிக் கொண்டாந்து நடுவுல வைக்கணும். கடைச் சோத்துக்கு இங்க மாத்து கிடையாது." நடுவில் இருந்தது கோழிக் குழம்பு. அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டே தன் தயிர்சாதத்தை விழுங்கினார். மறுநாள் காலையில் அவர் அடுப்பு எரிந்தது.

முதலில் ஆக்கியது வெண்டைக்காய் மண்டி. அதற்கு அரிசி களைந்த நீரை ஊற்ற வேண்டும், அவர் பச்சைத் தண்ணீரை ஊற்றிவிட்டார். என் மனைவி ஒரு வாய் வைத்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு பொறுக்க முடியாமல் அவரிடமே கேட்டுவிட்டாள். "இது மண்டியா? வெண்டைக்காய் குளிச்ச தண்ணியில்ல கொண்டாந்து வச்சிருக்கீக."

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். அண்ணமிண்டி போன பிறகு அவர் சிரித்து நான் கேட்டதே அன்றுதான்.

அப்புறம் அது அன்றாட வழக்கமாகிவிட்டது. அண்ணனோடு பள்ளியில் படித்த ஜவுளிக்கடை பாய், வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் தன் வீட்டுத் தாளிச்சாக் குழம்போடு வந்துவிடுவார். பேச்சு நீளும், கை காயும். முன்பெல்லாம் பாதியில் எழுந்துவிடுகிற அண்ணன், வாக்குவாதம் சூடு பிடித்தால் இன்னொரு கரண்டி போட்டுக்கொள்வார். மாத்திரையை மறந்தால் அதட்டுவதற்கு ஆள் இருந்தது. சர்க்கரையும் ஒரு கட்டுக்குள் வந்தது.

பொங்கல் கழிந்து மகள் வந்தாள், தனக்கும் அவருக்குமாக டிக்கெட் போட்டுக்கொண்டு. மதியம் பெட்டியோடு உள்ளே வந்தவள், தோளில் துண்டும் கையில் கரண்டியுமாகத் தகப்பனார் அடுப்பு முன்னால் நிற்பதைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"கை கழுவிட்டு உக்காரு. இன்னும் தாளிக்கல," என்றார் அண்ணன்.

முதலில் சோதனை போட வந்தவள் மாதிரிதான் சாப்பிட்டாள். இரண்டாம் முறை சோறு வாங்கிப் பிசைந்தவள் பாதியில் கையை நிறுத்தினாள். கண் கலங்கியிருந்தது.

"என்னத்தா, உறைக்குதா?"

"இல்ல அப்பச்சி. இப்படி உக்காந்து சாப்பிட்டு ரொம்ப நாளாச்சு. வீட்டுக்காரர் ஒரு நேரம், பிள்ளைக ஒரு நேரம். நான் அடுப்படியில நின்னுக்கிட்டே தின்னுட்டு வேலைக்கு ஓடிருவேன்."

அப்பாவை ஒழுங்காகச் சாப்பிட வைப்பதற்காகக் கூட்டிப்போக வந்தவள் பேசிய பேச்சு இது. எனக்கு வாய் துறுதுறுத்தது. என் மனைவி தொடையில் கிள்ளினாள். அண்ணன் மகள் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்துக் குழம்பை ஊற்றினார். அவள் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தாள். எழுவதற்கு முன்பே இடக்கையால் போனை எடுத்து அவருடைய டிக்கெட்டை ரத்து செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் ஸ்டேஷனுக்கு வந்தார், வழியனுப்புவதற்கு. பெட்டியை ஏற்றிவிட்டு இறங்கி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மகளிடம் சொன்னார்.

"ராத்திரிக்காவது எல்லாரையும் ஒண்ணா உக்கார வை. நீ நின்னுக்கிட்டுத் தின்னேன்னு கேள்விப்பட்டேன்னு வையி, நான் வந்து உன்னய இங்குட்டுக் கூட்டிட்டு வந்துருவேன்."