சுவிட்சை அணைத்த பிறகும்

மனைவி ஊரிலிருந்து வருவதற்குள், சின்னசேலத்தில் நாங்கள் பிடித்த வாடகை வீட்டின் சமையலறை விளக்குக்கு நானே சுவிட்ச் மாட்டினேன். ஸ்குரூ டிரைவரும் கட்டிங் பிளேயரும் போதும் என்று நினைத்தேன்.

ஒரு வாரத்தில் விளக்கு எரியவில்லை. மனைவி சுவிட்சை அணைத்துவிட்டு, ஹோல்டரைக் கழற்ற ஸ்டூலில் ஏறினாள். அப்போது பக்கத்து வீட்டு அக்கா வந்தார்.

"டெஸ்டர் வச்சுப் பாத்தீங்களா?"

"சுவிட்சு ஆஃப்லதாங்க இருக்கு" என்றேன்.

"இருக்கட்டுங்க. மொதல்ல அவங்கள எறங்கச் சொல்லுங்க."

தன் டெஸ்டரை எடுத்து வந்து ஹோல்டரில் வைத்தார். டெஸ்டரின் சின்ன விளக்கு எரிந்தது. உள்ளே கரண்ட் இருந்தது. கரண்ட் வரும் வயரில் இணைக்க வேண்டிய சுவிட்சை நியூட்ரல் வயரில் இணைத்திருந்தேன்; அதனால் அணைத்தாலும் ஹோல்டருக்குக் கரண்ட் வந்துகொண்டே இருந்தது.

"வூட்டு ஓனரு இன்னா வயரிங் பண்ணி வச்சிருக்காரு" என்றாள் மனைவி. அது என் வேலை என்று நான் சொல்லவில்லை.

உண்மையைச் சொல்ல இரண்டு நாளாயிற்று. டெஸ்டர் எரிந்ததைவிட, அந்த இரண்டு நாளும் நான் வாய் திறக்காமல் இருந்ததுதான் இன்றும் என்னை அதிரவைக்கிறது.