ஒன்பது நாள் நின்ற மாத்திரை

எழுபதுகளில் நான் நர்சாக வேலைக்குச் சேர்ந்தபோது காசநோய்க்கு ஒன்றரை வருட வைத்தியம். பெருமாள்மலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, காப்பித் தோட்டங்களுக்குள் நடந்து, வீடு வீடாகப் போய் ஊசி போடுவதும் மாத்திரை கொடுப்பதும் என் வேலை. மூன்றாவது மாதம் இருமல் நின்றுவிடும். நான்காவது மாதம் ஆள் மாத்திரையை நிறுத்திவிடுவார். அடுத்த வருடம் அதே ஆள் மறுபடி இருமிக்கொண்டு வருவார். பத்து வருடம் இதையே பார்த்ததில் எனக்குக் கோபம்கூட வராமல் போயிற்று. முழங்கால்தான் வலித்தது.

எண்பதுகளின் நடுவில் புது மாத்திரைகள் வந்தன. எட்டு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டால் போதும் என்று ஆராய்ச்சியில் தெரிந்திருப்பதாக எங்கள் டாக்டர் சொன்னார். நான் அதை முதலில் கொடுத்தது ஒரு பெண்ணுக்கு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். கணவன், மனைவி, நாலு வயது மகள். தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தார்கள். அதை அவர்கள் லயம் என்பார்கள். அவள் சளியில் ரத்தம் வந்ததும், கணவன் பின்பக்கம் தகரக் கொட்டகை ஒன்று போட்டு அவளை அங்கே இருக்கச் சொல்லிவிட்டான். மகள் அந்தப் பக்கம் போகக் கூடாது.

நான் அவனிடம் பேசிப் பார்த்தேன். "மெட்ராசுலயே ரொம்ப வருசத்துக்கு முந்தி ஆராய்ச்சி பண்ணிப் பாத்திருக்காங்கப்பா. வீட்டுல இருந்து மருந்து சாப்பிட்டவங்களும் ஆஸ்பத்திரியில தனியாக் கெடந்தவங்களும் ஒண்ணுபோலத்தான் கொணமாயிருக்காங்க. மருந்து உள்ள போகப் போக அடுத்தவங்களுக்கு ஒட்டுறதும் கொறைஞ்சிரும்."

அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான்: "அவங்க எங்க லயத்துக் குளிருல இருந்து பாத்தாங்களா நர்சம்மா? ஒத்த ரூமு. கதவத் தொறந்து வைக்கவும் முடியாது. எனக்கு இருக்கறது ஒரு புள்ள."

மகளை ஆஸ்பத்திரிக்கு வரவழைத்துச் சோதித்தோம், ஒன்றுமில்லை. அப்போதும் கொட்டகை அப்படியேதான் இருந்தது.

மாத்திரை கொடுத்துப் பதினைந்து நாள் கழித்துப் போனேன். கொடுத்த மாத்திரையில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது.

"ஏம்மா சாப்பிடல?"

வீட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "மொத நாளே ஒண்ணுக்குச் செவப்பாப் போச்சு நர்சம்மா. அஞ்சு நாளு பாத்தேன், நிக்கல. நெஞ்சுல வந்த ரத்தம் கீழயும் எறங்கிருச்சுன்னு விட்டுட்டேன். அவருகிட்டச் சொன்னா இந்தக் கொட்டகையிலயும் இருக்க விடமாட்டாரு."

அது ரத்தம் இல்லை. மாத்திரையின் நிறம்தான் அப்படி இறங்கும். அதனால் கெடுதல் ஒன்றுமில்லை. கொடுக்கும்போதே அதைச் சொல்ல வேண்டும் என்று டாக்டர் என்னிடம் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். அன்று அது ஐந்தாவது வீடு. அலுப்பில் மறந்துவிட்டேன். மாத்திரையை நிறுத்துகிறவர்களைப் பத்து வருடமாகக் குறை சொன்னவள் நான். இந்த முறை நிறுத்த வைத்ததே நான்தான்.

"தப்பு எம்மேலதாம்மா. சொல்லாமப் போயிட்டேன்."

அவள் பரவாயில்லை என்று சொல்லவில்லை. "ஒம்பது நாளு செத்துருவேன்னு படுத்துக் கெடந்தேன்," என்றாள்.

டாக்டரிடம் கேட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம். அதற்குப் பிறகு வாரம் தவறாமல் போனேன். அவள் என் எதிரில் மாத்திரையை விழுங்குவாள், அதிகம் பேசமாட்டாள். மூன்றாவது மாதம் சளியில் கிருமி இல்லை என்று முடிவு வந்தது. சீட்டைக் கணவனிடம் கொடுத்தேன். படிக்கத் தெரியாவிட்டாலும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அடுத்த வாரம் கொட்டகையில் விறகு அடுக்கியிருந்தது. அவள் வீட்டுக்குள் அடுப்படியில் இருந்தாள்.

எட்டு மாதத்தையும் முடித்தாள். கடைசித் தடவை போன அன்று, கேட்காமலே பால் இல்லாத தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். "இருந்து குடிச்சிட்டுப் போங்க," என்றாள். மகள் அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். மேல் தோட்டத்தில் இன்னும் இரண்டு வீடு பாக்கி. டம்ளர் காலியான பிறகும் நான் எழுந்திருக்கவில்லை.