டிரைவர் சொன்ன எண்

பதினோரு ஆண்டு ஆராய்ச்சியை முடித்துவைத்த கடிதத்தில் ஏழே வரிகள் இருந்தன. டாக்டரம்மா அதற்கு மூன்று பிரதிகள் எடுத்து, ஒன்றை மருத்துவமனை அலமாரியிலும், ஒன்றை வீட்டிலும், இன்னொன்றைத் தம் கைப்பையிலும் வைத்தார். "கருவி இயங்கிய மாதங்களுக்கும் இயங்காத மாதங்களுக்கும் வலியின் அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படாததால் ஆய்வு நிறுத்தப்படுகிறது" என்பது நான்காம் வரி. கருவி செய்து தந்த நிறுவனத்தின் துணைத்தலைவர் கையெழுத்திட்டிருந்தார். தேதியில் மாதம் தவறாக இருந்தது. அதைச் சுட்டிக்காட்டி டாக்டரம்மா எழுதிய பதிலுக்கு மறுமொழி வரவில்லை.

அவர் மூளை அறுவை நிபுணர். மண்டை ஓட்டில் சிறு துளையிட்டு, மெல்லிய கம்பியொன்றை மூளையின் ஆழத்தில் இறக்கி, காறையெலும்பின் கீழே தோலுக்குள் தீப்பெட்டி அளவுக் கருவியைப் புதைத்து, அதிலிருந்து விட்டுவிட்டு மின்சாரம் செலுத்தினால் கை நடுக்கம் அடங்கும். அது எல்லாரும் அறிந்த சிகிச்சை. நடுக்கம் அடங்குமானால், பக்கவாதத்துக்குப் பின் சிலரை வதைக்கும் தீராத வலி ஏன் அடங்காது என்பது டாக்டரம்மாவின் கேள்வி. அதற்கு வேண்டிய புள்ளியியலை அவருக்கு யாரும் கற்பிக்கவில்லை. பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த பாடநூல் ஒன்றை வாங்கி, கணக்கு ஆசிரியரான கணவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, இரண்டு கோடை விடுமுறைகளில் தாமாகவே படித்தார். "உன் மூளையைத் திறந்து பாத்தா உள்ள கட்டம் போட்ட நோட்டுதான் இருக்கும்" என்பார் கணவர்.

ஆய்வுக்குச் சேர்ந்த பன்னிரண்டு பேரில் நான்காமவர் நகரப் பேருந்தை இருபத்தாறு ஆண்டுகள் ஓட்டியவர். பக்கவாதம் வந்து போனபின் அவருடைய இடக்கை சொன்னபடி கேட்டது. ஆனால் சட்டைத் துணி பட்டாலே கொதிக்கும் எண்ணெய் ஊற்றியதுபோல் எரிந்தது. எல்லாச் சட்டைகளிலும் இடப்பக்கக் கையை மட்டும் அவர் மனைவி வெட்டிவிட்டிருந்தார்.

இந்த அறுவையின்போது நோயாளி விழித்திருக்க வேண்டும். தலை உலோகச் சட்டத்தில் திருகப்பட்டிருந்த நிலையிலும் டிரைவர் பேச்சை நிறுத்தவில்லை.

"டாக்டரம்மா, ரிவர்ஸ் எடுக்கறதா இருந்தா ஒரு வார்த்தை சொல்லுங்க. பின்னாடி பாத்துச் சொல்றேன்."

"பேசாம இருங்கண்ணே. குறுகலான சந்துக்குள்ள போய்க்கிட்டிருக்கேன்."

மின்சாரம் பாய்ந்த சில நிமிடங்களில் அவர் ஒரு போர்வை கேட்டார். அதை இடக்கையின்மேல் போடச் சொன்னார். போட்டார்கள். அறையில் இருந்த ஆறு பேரும் வேலையை விட்டுவிட்டு அந்தக் கையையே பார்த்தார்கள்.

ஆய்வின் விதி எளிது. மூன்று மாதம் கருவி இயங்கும், மூன்று மாதம் இயங்காது. எப்போது எது என்பது கருவியை அமைக்கும் தொழில்நுட்பருக்கு மட்டுமே தெரியும். நோயாளிக்கும் தெரியாது, டாக்டரம்மாவுக்கும் தெரியாது. வாரந்தோறும் மதிப்பீட்டாளர் ஒருவர் வந்து, பூஜ்யம் முதல் பத்துக்குள் வலி எவ்வளவு என்று கேட்டுக் குறித்துக்கொள்வார். அந்தப் பெண் பேறுகால விடுப்பில் போனார். மாற்றாள் ஒன்பது வாரம் வரவில்லை. ஒரு வாரம்கூட விடுபடக் கூடாது என்று டாக்டரம்மா தாமே குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு போனார். யார் கேட்கக் கூடாது என்று விதியில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

"வலி எவ்வளவு இருக்கு, அண்ணே?"

"ஒரு மூணு இருக்கும்மா. உங்க புண்ணியத்துல வண்டி ஓடுது."

மூன்று என்று எழுதிக்கொண்டார். பன்னிரண்டு பேரிடமும் இப்படியே கேட்டு எழுதினார். அடுத்த ஆண்டு அந்த ஏழு வரிக் கடிதம் வந்தது.

ஆய்வு நின்றபின் ஒவ்வொருவராகக் கருவியை எடுத்துவிட்டார்கள், அல்லது வேறு ஊர்களுக்குப் போனார்கள். டிரைவருக்கு மட்டும் டாக்டரம்மா கருவியைத் தொடர்ந்து இயக்கிவந்தார். கையிருப்பில் இருந்த கடைசிக் கருவியையும் முதல் பேட்டரி தீர்ந்தபோது அவருக்கே பொருத்தினார். அவர் முழுக்கைச் சட்டை போட்டார், பணிமனையில் நேரக் காப்பாளராக வேலை பார்த்தார். இப்போது அந்த இரண்டாவது பேட்டரியும் தீரப்போகிறது. மிச்சம் மூன்று மாதம் என்று கருவியைச் சோதிக்கும் கைத்திரை காட்டியது.

நிறுவனம் அந்தப் பிரிவையே மூடிவிட்டிருந்தது. வேறொரு நிறுவனத்தின் கருவியை இணைப்பான் ஒன்றின் உதவியோடு பொருத்தலாம். அதற்கு மருத்துவமனையின் நெறிமுறைக் குழு அனுமதிக்க வேண்டும். டாக்டரம்மா பத்தொன்பது பக்க விண்ணப்பம் கொடுத்தார். குழுத் தலைவர் கடைசிப் பக்கத்தை மட்டும் புரட்டினார்.

"இதால பயன் இல்லைன்னு உங்க ஆய்வேதானே சொல்லுது, டாக்டர்? நாங்க எதை நம்பி கையெழுத்து போடறது?"

அலமாரியிலிருந்த கோப்புகளை வார வரிசையில் மேசைமேல் பரப்பி, டாக்டரம்மா ஒரு மாலை முழுவதும் பார்த்தார். மதிப்பீட்டாளர் விடுப்பில் போன அதே வாரத்தில் எல்லாருடைய எண்களும் ஒன்றாக இறங்கியிருந்தன. டிரைவருக்கு எட்டு, ஒன்பது, எட்டு, பிறகு மூன்று. அது எல்லாருக்குமே கருவி அணைக்கப்பட்டிருந்த காலம் என்று தொழில்நுட்பரின் பட்டியல் சொன்னது. இயங்கிய மாதங்களோடு வேறுபாடு இல்லாமல் போனது அங்கேதான்.

மறுநாளே டிரைவரையும் அவர் மனைவியையும் வரவழைத்தார்.

"அண்ணே, மறைக்காம சொல்லுங்க. அப்போ மூணு மூணுன்னு சொன்னீங்களே, நெசமாவே மூணுதானா?"

டிரைவர் தம் செருப்பைப் பார்த்தார். மனைவி முந்திக்கொண்டார்.

"எங்கம்மா மூணு? காத்து பட்டாலே கத்துவாரு. ஃபேனையே கழட்டி வெச்சோம். உங்க ரூம் வாசல் வந்ததும் புதுமாப்பிள்ளை மாதிரி சிரிப்பாரு."

"நீ சும்மா இரு. அஞ்சு மணி நேரம் நின்னுக்கிட்டே எனக்காகப் பாடுபட்டவங்க. நேர்ல வந்து கேக்கறாங்க. ஒம்போதுன்னு எப்படிச் சொல்றது? மூஞ்சி வாடிடுமே."

"மூஞ்சி வாடுமாம்! முப்பது வருஷத்துல என் மூஞ்சி வாடுமேன்னு ஒரு நாளாவது நெனச்சிருப்பீங்களா?"

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே அது நின்றுபோயிற்று. மற்ற பதினொரு பேரும் அவருடைய முகத்தைப் பார்த்துத்தான் எண் சொல்லியிருக்கிறார்கள். நிறுவனத்தைக் குற்றம் சொல்லி இத்தனை ஆண்டுகளாக அவர் எழுதிய கடிதங்கள் நாற்பத்தொன்று. கேள்வி கேட்டது அவர் வாய்தான். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சரியாகத்தான் இருந்தது.

"எழுதிக் குடுத்துடறேம்மா. அன்னிக்குப் பொய் சொன்னேன்னு. எங்க கையெழுத்துப் போடணும்?" என்றார் டிரைவர்.

இரண்டு பக்கம் எழுதி, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டார். அதைப் பதினான்காம் இணைப்பாக வைத்து டாக்டரம்மா மறுபடி விண்ணப்பித்தார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது.

"அப்போ பொய் சொன்னவர் இப்போ நெசம் சொல்றார்னு எப்படி எடுத்துக்கறது?" என்றார் தலைவர். பழைய எண்களையே நம்ப முடியாதென்றால் அவற்றைச் சேகரித்த விதத்தையும் விசாரிக்க வேண்டும் என்று பக்கத்திலிருந்த உறுப்பினர் சொன்னார்.

"இவருக்குத் தெரியாம ஒரு வாரம் கருவியை அணைச்சுப் பாக்கலாம். வேற ஆள் கேக்கட்டும், நான் பக்கத்துலகூட வரமாட்டேன்" என்றார் டாக்டரம்மா.

"அது புது ஆய்வு, டாக்டர். முறைப்படி போனா எட்டு மாசம் ஆகும்."

பேட்டரிக்கு ஏழு வாரமே மிச்சமிருந்தது. அவர் கையில் மீந்த அதிகாரம் ஒன்றுதான்: மின்சாரத்தைக் குறைத்தால் பேட்டரி கொஞ்சம் நீளும். முதல் முறை குறைத்தபோது டிரைவர் முழுக்கைச் சட்டையை விட்டார். அடுத்த முறை வேலைக்கு விடுப்பு எடுத்தார். இப்படிச் சேர்த்தது பன்னிரண்டு நாள். அந்தப் பன்னிரண்டு நாளும் அவருக்கு நல்ல நாளாக இல்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, டாக்டரம்மா கையிலிருந்த திரைக்குக் கருவி பதில் சொல்லவில்லை. மூன்று முறை முயன்றார். டிரைவர் வெற்றுத் தோளோடு, இடக்கையை உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்து உட்கார்ந்திருந்தார். எண் எதையும் டாக்டரம்மா கேட்கவில்லை.

"வேற எங்கயாவது காட்டலாமாம்மா?" என்றார் மனைவி.

"இந்தக் கம்பியோட எங்க போனாலும் என்கிட்டதான் திருப்பி அனுப்புவாங்க."

வாசலில் டாக்ஸி காத்திருந்தது. அதுவரை போக, புறநோயாளிகள் நெருக்கியடித்து நின்ற நீண்ட நடைக்கூடத்தைக் கடக்க வேண்டும். டாக்டரம்மா டிரைவரின் இடப்பக்கமாக வந்து, இரு கைகளையும் அகல விரித்துக்கொண்டு நடந்தார். "கொஞ்சம் வழி விடுங்க. தள்ளி நில்லுங்க."

தள்ளுவண்டியோடு எதிரே வந்த ஊழியர் பதறினார். "என்னம்மா, எமர்ஜென்சியா?"

அவருக்குப் பதில் சொல்லத் திரும்பியபோது டாக்டரம்மாவின் வெள்ளைக் கோட்டின் கை டிரைவரின் முழங்கையில் உரசியது.

"தொடாதீங்க!"

நடைக்கூடம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. டிரைவரின் கண்ணில் நீர் கோத்திருந்தது. "உங்களைச் சொல்லலைம்மா... வாய் தவறி..." என்று தொடங்கினார்.

டாக்டரம்மா இரு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார். நாலடி முன்னே போய், ஒவ்வொருவர் முன்னாலும் நின்று நின்று, சுவரோரமாக ஒதுங்கச் சொல்லிக்கொண்டே வாசலை நோக்கி நடந்தார்.